சிறுவரின் ஓட்டத்தை எண்ணும் சின்னஞ்சிறு பெட்டி

"எங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு நிமிடமாவது ஓரிடத்தில் இருப்பதில்லை" என்று அலுத்துக்கொள்ளாத தாய் எந்த ஊரிலும் இலர். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஓடியாடத் தெரியுமா? கைத்தொலைபேசியும் கையுமாகக் கதிரையிலே கிடக்கிறார்கள்" என்று குறை கூறாத பாட்டனாரும் இலர். ஒரே வீட்டில், ஒரே பிள்ளையைப் பற்றி, ஒரே நாளில் இவ்விரு தீர்ப்புக்களும் வழங்கப்பட்டதை நாம் நேரிலே கேட்டிருக்கிறோம். இருவருள் யார் சொல்வது சரி?

விளையாட்டாகத் தோன்றும் இக்கேள்விக்கு விடை காண்பதற்காகக் கடந்த அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பல நாட்டு வைத்தியர்களும் விஞ்ஞானிகளும் பெரும்பாடு பட்டு வருகின்றனர் என்றால் வாசகர்கள் வியப்படையலாம். ஆனால், அவர்களுக்கு இது விளையாட்டன்று. ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் நாள்தோறும் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என உலக சுகாதார ஸ்தாபனம் 2010-ஆம் ஆண்டில் விதந்துரைத்தது. 2020-ஆம் ஆண்டில் அதனைச் சிறிது திருத்தி, வாரம் முழுவதையும் சேர்த்துச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் என்றது. எலும்பு உறுதிபெறவும், இருதயம் வலுப்பெறவும், உடல் அளவுக்கு மிஞ்சிப் பருக்காதிருக்கவும் இவ்வளவாவது வேண்டும் என்பது அவர்கள் முடிபு. நல்லது. ஆயின், எங்கள் பிள்ளைக்கு அந்த 60 நிமிடம் கிடைக்கிறதா இல்லையா என்று அறிவது எங்ஙனம்?

பிள்ளையைக் கேட்கலாம். ஆனால் "நேற்று எத்தனை நிமிடம் ஓடினாய்?" என்று ஏழு வயதுச் சிறுவனைக் கேட்டால், அவன் உங்களை இரக்கத்துடன் நோக்குவான். பெற்றோரைக் கேட்கலாம். ஆனால் பெற்றோர் பாசத்துடன் கணக்குச் சொல்வர். வினாத்தாளில் எழுதிய விடைகளையும் கருவிகள் காட்டிய அளவுகளையும் ஒப்பிட்டு 2009-ஆம் ஆண்டில் வெளியான மீளாய்வொன்று, ஒப்பிட்டவற்றுள் நூற்றுக்கு 72 பங்கில் வினாத்தாளே கூட்டிச் சொல்லியிருந்தது எனக் கண்டது. ஆராய்ச்சியாளர் ஒருவர் கையில் கொப்பியுடன் ஒவ்வொரு பிள்ளையின் பின்னாலும் அலையலாம். சிலர் அவ்வாறும் அலைந்திருக்கின்றனர்; அவர்களைப் பற்றிப் பின்னர் கூறுவோம். பார அணுக்கள் கலந்த நீரைப் பருகக் கொடுத்து, பல நாட்களுக்குச் சிறுநீரைச் சோதித்து, உடல் செலவிட்ட சக்தியைக் கணிக்கும் முறையும் உண்டு. அது மிகத் திருத்தமானது. ஆனால் செலவு மிகுந்தது. அன்றியும், மொத்தச் செலவைக் கூறுமேயன்றி, பிள்ளை எப்போது ஓடியது, எப்போது படுத்துக் கிடந்தது என்பதை அது கூறாது.

நேரம் காட்டாத மணிக்கூடு

கருவியைப் பிள்ளையின் உடலிலேயே கட்டிவிட்டால் என்ன என்ற எண்ணம் புதியதன்று. தானே சாவி ஏறிக்கொள்ளும் கைமணிக்கூடுகளை வாசகர்கள் அறிவர். அவற்றினுள்ளே அரைச்சந்திர வடிவான பாரம் ஒன்றுண்டு. கை அசையுந்தோறும் அது சுழன்று வில்லை முறுக்குகின்றது. அமெரிக்க ஆராய்ச்சியாளரான ஷுல்மன், ரைஸ்மன் என்னும் இருவர் 1959-ஆம் ஆண்டில் இத்தகைய மணிக்கூட்டையே மாற்றியமைத்து, அப்பாரத்தின் அசைவு நேரே முட்களைத் தள்ளும்படி செய்தனர். அமைதியின்றித் துருதுருவென்று அலைவதாகக் கருதப்பட்ட பிள்ளைகளின் அசைவை அளப்பதே அவர்கள் நோக்கம். காலையில் முள்ளைப் பன்னிரண்டில் வைத்துக் கட்டிவிட்டால், மாலையில் அது காட்டுவது நேரமன்று, பிள்ளையின் ஆட்டம். எவ்வளவு எளிய யோசனை! இதற்கு மின்சாரமும் வேண்டியதில்லை, கணினியும் வேண்டியதில்லை.

1964-ஆம் ஆண்டில் ரோக்கியோ நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தேறின. அதற்கு மறுவருடம் யமாஸா என்னும் யப்பானிய நிறுவனம் இடுப்பில் அணியும் அடியெண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்கு விட்டது. 'மன்போ-கெய்' என்பது அதன் பெயர். பதினாயிரம் அடி மானி என்பது பொருள். நாளொன்றுக்குப் பதினாயிரம் அடி நடக்க வேண்டும் என்று இன்று உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு இப்பெயரிலிருந்து பரவியதே. வைத்தியர் சங்கம் எதுவும் கூடி விதித்த கணக்கன்று அது.

அடியெண்ணும் கருவி ஒன்று எம் வீட்டிலும் சில நாள் இருந்தது. எம் தமக்கையின் மகன், ஒன்பது வயதினன், அதனை அணிந்து பார்க்க ஆவல் கொண்டான். முதல் நாள் மாலை அது பதினாலாயிரத்துக்கு மேல் காட்டவே, பாட்டியார் அகமகிழ்ந்து போனார். பின்னரே உண்மை வெளிவந்தது. பையன் விறாந்தையில் சாய்ந்திருந்து கதைப்புத்தகம் வாசித்தபடி, மறுகையால் அக்கருவியைக் கிலுகிலுப்பை போல ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறான்! மறுநாள் குளிப்பதற்காகக் கழற்றியதைக் கிணற்றடியிலேயே மறந்துவிட்டான். அன்று பிற்பகல் முழுவதும் பந்தடித்தும், அன்றைய கணக்கு 312 அடிகள்தாம். ஆராய்ச்சியாளர்களுக்கு வாய்க்கும் பிள்ளைகள் எம் மருமகனிலும் நல்லவர்கள் என்று நாம் நம்ப இடமில்லை.

பெட்டியினுள் நடப்பது

அடியை எண்ணினால் போதாது என்பது விரைவில் புலனாயிற்று. மெல்ல நடந்த அடியும் அடிதான். பாய்ந்து ஓடிய அடியும் அடிதான். எவ்வளவு வேகமாக, எவ்வளவு பலமாக, எப்போது என்பவற்றையும் அறிய வேண்டும். ஆகவே ஆர்முடுகலை அளக்கும் கருவியை நாடினர். ஆர்முடுகல் யாதென்பதை எமது மாணவர்கள் பௌதிக பாடத்தில் படித்திருப்பர். படியாதவர்களுக்குப் பஸ் வண்டி கற்பிக்கும். சாரதி திடீரென வண்டியை எடுக்கும்போது நாம் பின்னே சாய்கிறோம். திடீரென நிறுத்தும்போது முன்னே விழுகிறோம். வேகம் மாறும்போதெல்லாம் உடல் ஒரு தள்ளுதலை உணர்கிறது.

பெட்டியினுள் இருப்பதும் அத்தகைய பிரயாணி ஒருவரே. பழைய கருவிகளில், நுனியிலே சிறு பாரம் வைத்த மெல்லிய பளிங்குத் தகடு ஒன்று நீச்சற்பலகை போல நீட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை துள்ளுந்தோறும் தகடு வளையும். வளையுந்தோறும் அதில் மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றும். அதனைக் கருவி எண்ணாக எழுதி வைக்கும். இன்றைய கருவிகளில் பளிங்குக்குப் பதிலாக, கண்ணுக்குப் புலப்படாத சிலிக்கன் விரல்கள் அசைகின்றன. கைத்தொலைபேசியைச் சரித்தவுடன் படமும் சரிந்துகொள்வது இதே விரல்களின் வேலைதான். ஆராய்ச்சியாளரிடையே பெரிதும் வழங்கும் 'அக்ரிகிராப்' என்னும் கருவியின் ஒரு வகை 19 கிறாம் நிறையே உடையது. அது மேலும் கீழும், முன்னும் பின்னும், இடமும் வலமுமாக மூன்று திசைகளிலும் செக்கன் ஒன்றுக்கு முப்பது முதல் நூறு தடவை வரை அளக்கவல்லது. குண்டும் குழியுமான வீதியில் செல்லும் வாகனத்தின் அதிர்வைப் பிள்ளையின் ஓட்டமென மயங்காதிருப்பதற்காக, மனித அசைவுக்குரிய தாளத்தில் வருவனவற்றை மாத்திரம் வடித்தெடுக்கும் ஏற்பாடும் உண்டு.

அதனை மீள்தன்மையுள்ள பட்டியில் கோத்து இடுப்பில் கட்டுவர். உடலின் நடுப்பாரம் அங்கேயே இருப்பதனால், முழு உடலும் அசைவதை இடுப்பு நன்றாகக் காட்டும். காலையில் எழுந்ததும் கட்டி, உறங்கப் போகையில் கழற்றி, ஏழு நாள் அணிந்தால் ஒரு பிள்ளையின் ஒரு வாரம் எண்களாக வந்து சேரும். இடுப்புப் பட்டியைப் பிள்ளைகள் மறந்துவிடுகின்றனர் என்று கண்டு, அண்மைக் காலத்தில் பலர் மணிக்கட்டுக்கு மாறியிருக்கின்றனர். மணிக்கட்டிலோ வேறு தொல்லை: கதை சொல்லும்போது கையை வீசிப் பேசும் பிள்ளை ஓடியதாகத் தோன்றும்.

குருவி போன்ற அசைவு

கொப்பியுடன் அலைந்தவர்களைப் பற்றிக் கூறுவோம் என்றோமல்லவா? அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பதினைந்து பிள்ளைகளைச் சில ஆராய்ச்சியாளர் மூன்று செக்கனுக்கு ஒரு முறை நோக்கி, அவர்கள் செய்வதைக் குறித்து வந்தனர். 1995-ஆம் ஆண்டில் வெளியான அவ்வாராய்ச்சியை இத்துறையினர் இன்றும் எடுத்துப் பேசுகின்றனர். பிள்ளை மும்முரமாக ஓடுவதோ குதிப்பதோ நிகழும்போது, அந்த ஓட்டம் எவ்வளவு நேரம் நீடித்தது தெரியுமா? பெரும்பாலும் வெறும் மூன்று செக்கன்! அத்தகைய கடும் அசைவுகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பதினைந்து செக்கனுக்குள் முடிந்துவிட்டன. பத்து நிமிடம் இடைவிடாது கடுமையாக ஓடிய பிள்ளை ஒன்றேனும் அங்கே காணப்படவில்லை.

முற்றத்தில் தானியம் பொறுக்கும் குருவியைப் பார்த்தவர்க்கு இது விளங்கும். இரண்டு தத்தல், ஒரு நிற்றல், ஒரு பறத்தல், மறுபடி நிற்றல். வயது வந்தவர் 'இன்று அரைமணி நேரம் நடந்தேன்' என்று கணக்கு வைப்பது போலப் பிள்ளையின் நாளைக் கணக்கு வைக்க இயலாது. தாயார் 'ஒரு நிமிடமும் சும்மா இருப்பதில்லை' என்றதும் பாட்டனார் 'ஓடுவதே இல்லை' என்றதும் ஒருங்கே மெய்யாகக்கூடும் என்பதை இவ்விடத்தில் நாம் உணர்ந்தோம்.

இதனால் கருவிக்கும் ஒரு சோதனை வந்தது. பழைய கருவிகளில் எண்களைச் சேமிக்கும் இடம் மிகக் குறைவு. ஆகவே ஒரு நிமிடத்தில் நிகழ்ந்த அசைவு முழுவதையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதி வைத்தனர். இதன் விளைவைச் சிறு கணக்கொன்றினால் காட்டுவோம். ஒரு சிறுமி கிளித்தட்டு விளையாடுகிறாள் என்க. முதற் பதினைந்து செக்கனில் பாய்ந்தோடுகிறாள். கருவி 1,200 எண்ணுகிறது. மிகுதி மூன்று பதினைந்து செக்கன்களிலும் கோட்டிலே காத்து நிற்கிறாள். ஒவ்வொன்றிலும் 60 எண்ணுகிறது. நிமிடத்துக்கு மொத்தம் 1,380. பலர் ஏற்றுக்கொண்ட அளவுகோலின்படி, நிமிடத்துக்கு 2,296 வந்தாலன்றி நல்ல ஓட்டமெனக் கொள்ளப்படாது. ஆகவே அந்நிமிடம் முழுவதும் 'இலேசான அசைவு' என்ற ஏட்டில் ஏறிவிடும்; அவள் வியர்க்க வியர்க்க ஓடிய ஓட்டம் மறைந்துபோகும். அதே அசைவைப் பதினைந்து செக்கனுக்கு ஒரு முறை எழுதியிருந்தால், முதற் பகுதி கடும் ஓட்டம் என்ற ஏட்டில் இடம்பெற்றிருக்கும். பிள்ளை மாறவில்லை; ஏட்டைப் புரட்டும் வேகமே மாறியது. இப்போது சேமிக்கும் இடத்துக்குப் பஞ்சமில்லையாதலால், பதினைந்து செக்கனும் அதிலும் குறைந்த இடைவெளியுமே வழக்கில் உள்ளன.

மேலே கூறிய அளவுகோல் எங்கிருந்து வந்தது? 2008-ஆம் ஆண்டில் இவென்சன் என்பாரும் துணைவர்களும் ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள 33 பிள்ளைகளை அழைத்து, கருவியையும் மூச்சை அளக்கும் கருவியையும் ஒருங்கே அணிவித்தனர். பிள்ளைகள் இருந்தனர், படத்துக்கு வர்ணம் தீட்டினர், படியேறினர், பந்து தட்டினர், நடந்தனர், ஓடினர். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஒட்சிசன் செலவாயிற்று, கருவி என்ன எண்ணிற்று என்பவற்றைப் பக்கத்தில் பக்கமாக வைத்துக் கோடுகள் வகுத்தனர். பதினைந்து செக்கனுக்கு 25 வரையில் இருந்த நிலை. 574 முதல் மிதமான ஓட்டம். 1,003 முதல் கடும் ஓட்டம். ஆனால் 2002-ஆம் ஆண்டில் வேறொரு குழுவினர் இதே வகைக் கருவிக்கு வகுத்த கோடு நிமிடத்துக்கு 3,200. இரு கோடுகளுக்கும் இடையே விழும் பிள்ளை, ஒருவர் கணக்கில் சுறுசுறுப்பானவள். மற்றவர் கணக்கில் மந்தமானவள்! 'நூற்றுக்கு இத்தனை பிள்ளைகள் போதிய அளவு ஓடுவதில்லை' என்று பத்திரிகைகளில் தலைப்புக் காணும்போது, எந்தக் கோட்டின்படி என்று கேட்கும் உரிமை வாசகர்களுக்கு உண்டு.

பெட்டி அறியாதனவும் பல. நீரில் கெட்டுவிடும் என்று பல கருவிகளைக் கழற்றியே நீந்த வேண்டியிருந்தது. துவிச்சக்கர வண்டி மிதிக்கும் பிள்ளையின் கால் ஓய்வின்றிச் சுழன்றாலும் இடுப்பு அசைவதில்லை. ஆகவே ஏட்டில் அது இருக்கை. தண்ணீர்க் குடத்தைச் சுமந்து நடக்கும் சிறுமியின் உழைப்பும், வெறுங்கையுடன் நடக்கும் சிறுமியின் உழைப்பும் பெட்டிக்கு ஒன்றே. நெடுநேரம் பூச்சியமாகவே எண் வந்தால், பிள்ளை கருவியைக் கழற்றிவிட்டது என்று கொண்டு அந்நேரத்தை நீக்கிவிடுவர். சிலர் இருபது நிமிடப் பூச்சியத்துக்கு நீக்குவர். சிலர் அறுபது நிமிடம் வரை பொறுப்பர். இருபது நிமிடம் அசையாதிருந்து புத்தகம் வாசிக்கும் அருமையான பிள்ளை, முற்கூறியவர் கணக்கில் இவ்வுலகிலேயே இல்லாது போகின்றது.

மூன்று பாடசாலைகள்

இத்தனை குறைகள் இருந்தும், பெட்டி இல்லாவிடில் எவரும் கனவிலும் கருதியிராத கேள்வி ஒன்றை அது எழுப்பியது. அக்கதை இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள பிளிமத் நகருக்குரியது. அங்கே ரெறி வில்கின் என்னும் வைத்தியப் பேராசிரியரின் தலைமையில், ஐந்து வயதுப் பிள்ளைகள் சுமார் முந்நூறு பேரை ஆண்டுதோறும் சோதித்துவரும் ஆராய்ச்சி 2000-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. நீரிழிவு நோய்க்கான வித்துக்கள் சிறுவயதில் எவ்வாறு விழுகின்றன என்பதை அறிவது அவர்கள் குறி.

அக்குழுவினர் 2003-ஆம் ஆண்டில் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். மூன்று பாடசாலைகளை அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தனர். ஒன்று, விளையாட்டு வசதிகள் நிறைந்த தனியார் பாடசாலை. அங்கே வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் தேகாப்பியாசம். மற்றது கிராமப் பாடசாலை, அங்கே 2.2 மணி. மூன்றாவது, நகரின் நடுவே வசதி குறைந்த பாடசாலை, அங்கே 1.8 மணி. மொத்தம் 215 பிள்ளைகள். வயது ஏழு முதல் பத்தரை வரை. யாவரும் பெட்டி அணிந்தனர்.

எதிர்பார்த்தது என்ன? ஒன்பது மணி நேரம் ஓடும் பிள்ளைகள் ஏனையோரைவிடப் பன்மடங்கு அசைந்திருக்க வேண்டும் என்பதே. பாடசாலை நேரத்தில் அவர்கள் கூடுதலாகவே அசைந்தனர். ஆனால் வாரம் முழுவதையும் கூட்டிப் பார்த்தபோது, மூன்று பாடசாலைப் பிள்ளைகளின் மொத்த அசைவும் ஏறக்குறைய சமமாக இருந்தது! வசதியற்ற பாடசாலைப் பிள்ளைகள், மணியடித்து வெளியே வந்த பின் தங்கள் குறையைத் தாங்களே நிரப்பிக்கொண்டிருந்தனர்.

வில்கின் குழுவினர் இதற்கு ஒரு விளக்கம் கூறினர். உடலின் வெப்பநிலையைக் காப்பதற்கு மூளையில் ஓர் ஏற்பாடு இருப்பது போல, ஒரு பிள்ளை நாளொன்றுக்கு எவ்வளவு அசைய வேண்டும் என்பதற்கும் உள்ளே ஒரு முள் இருக்கலாம். ஓரிடத்தில் கூட்டினால் அது வேறிடத்தில் குறைத்துக்கொள்ளும். ஓரிடத்தில் அடக்கினால் வேறிடத்தில் வெளிப்படும். இவ்வெண்ணத்தை 1998-ஆம் ஆண்டிலேயே தோமஸ் றோலண்ட் என்னும் அமெரிக்க வைத்தியர் எடுத்துக் கூறியிருந்தார். இது மெய்யானால், பாடசாலை நேரசூசியில் தேகாப்பியாச வகுப்பைக் கூட்டுவதில் பயன் யாது? நிதி ஒதுக்கும் அதிகாரி ஒருவர் கையில் இக்கட்டுரை கிடைத்தால், விளையாட்டு மைதானங்களின் கதி என்னவாகும்? ஆராய்ச்சிச் சஞ்சிகையின் ஒரு பக்கம் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் மாலைப்பொழுதைத் தொடும் இடம் இதுவே.

எதிர்வாதமும் இல்லாமலில்லை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், எழுபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சில நாட்களில் வழமைபோல இடைவேளையில் வெளியே விட்டனர். தேகாப்பியாச வகுப்பும் நடத்தினர். வேறு சில நாட்களில் இடைவேளையில் கணினி முன்னே இருத்தினர், தேகாப்பியாசமும் இல்லை. அடக்கி வைத்த நாட்களில் பிள்ளைகள் வீடு சென்று குறையை நிரப்பினரா? இல்லை. பாடசாலையில் ஓடிய நாட்களிலேயே வீட்டிலும் கூடுதலாக ஓடினர். பிளிமத் முள் இங்கே வேலை செய்யவில்லை.

எமது எண்ணத்தையும் கூறிவிடுகிறோம். மூன்றே மூன்று பாடசாலைகளை வைத்துப் பிள்ளையின் மூளைக்குள் முள் இருப்பதாக முடிவு கட்டுவது அவசரம். இடுப்புப் பெட்டி நீச்சலையும் துவிச்சக்கர வண்டியையும் அறியாது என்று மேலே கண்டோம். வசதி படைத்த பாடசாலையின் ஒன்பது மணி நேரத்தில் பெட்டிக்குப் புலப்படாதது எவ்வளவு இருந்திருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது. இன்னொன்று. வகுப்பினால் மொத்த அசைவு கூடவில்லை என்றே வைத்துக்கொள்வோம்; நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியாத பிள்ளைக்கும் உள்ள வேற்றுமையை எந்தப் பெட்டி எண்ணும்?

எனினும் வில்கின் குழுவினரை எளிதில் ஒதுக்கிவிடவும் முடியாது. பிள்ளைகளைக் கூடுதலாக ஓடச் செய்வதற்கென வகுத்த திட்டங்களுள், கருவியினால் அளந்த முப்பதை அவர்கள் 2012-ஆம் ஆண்டில் ஒருங்கு சேர்த்து ஆராய்ந்தனர். பணமும் காலமும் செலவிட்டு நடத்திய அத்திட்டங்களினால் கிடைத்த ஊதியம், சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் நான்கு நிமிட நடையோ ஓட்டமோதான். வினாத்தாளைக் கொண்டு அளந்திருந்தால் அத்திட்டங்கள் பல வெற்றி விழாக் கொண்டாடியிருக்கும்.

அவர்களுடைய மற்றொரு முடிபு பெற்றோரை இன்னும் நெருங்கித் தொடுவது. ஓடாததனால் பிள்ளை பருக்கிறது என்றே நாம் எல்லோரும் நம்பி வந்தோம். ஏழு வயது முதல் பத்து வயது வரை ஏறக்குறைய இருநூறு பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்தபோது, ஏழு வயதில் குறைவாக ஓடியவர்கள் பின்னர் பருத்தனர் என்பது தென்படவில்லை. மாறாக, ஏழு வயதில் கொழுப்பு மிகுந்திருந்தவர்களே பின்னர் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டனர். காரணமும் காரியமும் தலைகீழாக நிற்கின்றன! இதனையும் எல்லா ஆராய்ச்சியாளரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால், பருத்த பிள்ளையைப் பார்த்து "ஓடாமல் இருந்துதானே இப்படி ஆனாய்" என்று சபையிலே ஏளனம் செய்யும் மாமன்மார் சற்று நாவடக்கலாம். அப்பிள்ளை ஓடாதிருப்பதற்கு அந்த ஏளனமே ஒரு காரணமாயிருக்கவும் கூடும்.

பெண்பிள்ளைகள் எங்கே?

பெட்டிகள் எல்லா நாட்டிலும் ஒரேமுகமாகச் சொல்வது ஒன்றுண்டு. பிரித்தானியாவில் 2008, 2009-ஆம் ஆண்டுகளில் ஏழு வயதுப் பிள்ளைகள் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரின் அசைவு பெட்டிகளால் அளக்கப்பட்டது. 60 நிமிடத்தை எட்டியவர் நூற்றுக்கு 51 பேர். ஆண்பிள்ளைகளைத் தனியே எடுத்தால் 63. பெண்பிள்ளைகளை எடுத்தால் 38. பத்து நாடுகளில் திரட்டிய இருபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை ஒன்றாக்கி 2015-ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோதும், எந்த வயதிலும் பெண்பிள்ளைகளே குறைவாக அசைந்தனர். ஐந்து வயதுக்குப் பின் ஆண்டுக்கு நூற்றுக்கு நான்குக்குச் சற்று மேலாக யாவரின் அசைவும் குறைந்து செல்கின்றது. அமெரிக்காவில் 2003, 2004-ஆம் ஆண்டுகளில் எடுத்த அளவையில், ஆறு முதல் பதினொரு வயது வரையுள்ளோருள் நூற்றுக்கு 42 பேர் 60 நிமிடத்தை எட்டினர். பன்னிரண்டைக் கடந்த இளைஞருள் எட்டியவர் நூற்றுக்கு 8 பேர்தாம்.

ஏழு வயதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் எலும்பிலும் தசையிலும் அவ்வளவு பெரிய வேற்றுமை உண்டா? மைதானத்தின் நடுவே பந்து எவரிடம் இருக்கிறது, ஓரத்தில் எவர் நிற்கிறார், "இப்படி ஓடாதே, பெண்பிள்ளையல்லவா" என்ற சொல் எவர் காதில் விழுகிறது என்பவற்றைப் பெட்டி எழுதாது. அது எண்ணை மாத்திரம் எழுதும். 63-க்கும் 38-க்கும் இடையில் உள்ள 25-ஐ நிரப்பும் கதையைப் பெற்றோரும் ஆசிரியரும் தத்தம் முற்றத்தைப் பார்த்துத் தாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

எம் வீட்டு அடியெண்ணியின் மின்கலம் தீர்ந்து பல மாதங்களாயின. அது மேசை லாச்சியில் கிடக்கின்றது, எவரும் தேடவில்லை. இதனை எழுதும் இவ்வேளையில், எம் மருமகனும் அவன் தங்கையும் பின்வளவிலுள்ள கொய்யாமரத்தில் இருக்கிறார்கள். ஒவ்வொரு கொப்பாகக் காலூன்றி, கையால் பற்றி, மூச்சைப் பிடித்து உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கிறாள் தங்கை. இடுப்பிலே பெட்டி இருந்திருந்தால், அவள் கதிரையிலே இருந்ததாகவே அது எழுதியிருக்கும்.